பத்து கிராம் பிளாஸ்டிக், இரண்டாயிரம் ரூபாய்



1970-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மீன்பிடிப் போட்டிக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டைவிரல் நீளத்தில், வயிறு பெருத்த ஒரு மரமீனை நாள் வாடகைக்கு எடுப்பார்கள். வாடகை 5 டாலர், முன்பணம் 25 டாலர். சாயங்காலம் மரமீனைத் திருப்பிக் கொடுத்தால் முன்பணம் கைக்கு வரும். தண்ணீருக்குள் கிடக்கும் மரக்கிளையில் மாட்டித் தூண்டில் நரம்பு அறுந்துவிட்டால் முன்பணம் போனதுதான்.

அந்த மரமீனுக்குப் பெயர் ‘பிக் ஓ’. செய்தவர் டென்னசி மாநிலத்துக்காரரான பிரெட் யங். 1967 வாக்கில் பால்சா மரத்தில் இதைக் கையால் செதுக்கத் தொடங்கினார். ஆள் வாட்டசாட்டமான தன் சகோதரர் ஓடிஸை மனத்தில் வைத்துப் பெயரிட்டார். ஒவ்வொன்றிலும் வரிசை எண் எழுதிக் கையெழுத்தும் போட்டார். போட்டிகளில் அது மீனை வாரிக் கொடுக்கிறது என்ற பேச்சு பரவியதும் தேவை ஏறியது. ஆனால் யங்கின் கைகள் இரண்டுதான். ஒரு மரமீனுக்கு வேண்டியது தீப்பெட்டி அளவுள்ள பால்சா கட்டை, அலகு போல் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தகடு, கொஞ்சம் கம்பி, இரண்டு கொக்கி, பெயின்ட். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒருநாள் வாடகைக்கு எட்டாது.

1973-ல் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் காட்டன் கார்டெல் என்ற பொய்யிரை (லூர்) தயாரிப்பாளர் அந்த வடிவத்தைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தார். முதல் ஆண்டிலேயே 13 லட்சம் விற்றதாகச் சொல்வார்கள். வாடகைக் கூத்தும் அத்தோடு முடிந்தது. மரத்தைவிடப் பிளாஸ்டிக் மலிவு, அதனால் விலை இறங்கியது என்று யாராவது விளக்கினால் நம்பிவிடாதீர்கள். பால்சா ஒன்றும் சந்தனக்கட்டை இல்லை. விலையிலிருந்து கழன்றது ஒரு மனிதர் கத்தியோடு உட்கார்ந்திருந்த நேரம். இன்றைய உரை முழுக்க இந்த ஒரு விஷயத்தைப் பற்றியதுதான்: மீனை ஏமாற்றச் செய்யும் பொய்யிரையின் விலைக்கும் அது செய்யப்பட்ட பொருளின் விலைக்கும் ஏன் இவ்வளவு தூரம்?

கடையில் தொங்கும் சாதாரண லூர் ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். உடம்பு இரண்டு பாதியாக வார்த்து ஒட்டப்பட்ட பிளாஸ்டிக். உள்ளே அறை அறையாகத் தடுப்பு. அவற்றில் குலுக்கினால் கலகலக்கும் உலோகக் குண்டுகள். மூக்குக்குக் கீழே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கில் ஓர் அலகு. இது எந்தக் கோணத்தில் நிற்கிறதோ அதைப் பொறுத்தே லூர் எவ்வளவு ஆழத்துக்கு முங்கும் என்பது. வயிற்றிலும் வாலிலும் இரண்டு கம்பி வளையம், அவற்றில் மூன்று முள் கொண்ட கொக்கிகள். மேலே அடுக்கடுக்காகப் பெயின்ட்: அடியில் வெள்ளை அல்லது மினுங்கும் தாள், முதுகுக்குக் கரும்பச்சை, பக்கத்துக்குச் செதில். செதில் எப்படி வருகிறது தெரியுமா? உடம்பின்மேல் மெல்லிய வலைத்துணியை இழுத்துப் பிடித்து, அதன்மேல் பெயின்டைத் தூவுகிறார்கள். துணியை எடுத்தால் கண்ணி கண்ணியாகச் செதில் நிற்கும். கடைசியாகக் கண்ணை ஒட்டி, மேலே ஒரு பூச்சு பளபளப்பு.

இதில் பிளாஸ்டிக் ஏறக்குறைய பத்து கிராம். இந்த வகைப் பிளாஸ்டிக் மொத்தமாக வாங்கினால் கிலோ சில நூறு ரூபாய்தான். அதாவது உடம்பின் பொருள் விலை இரண்டு மூன்று ரூபாய். ஒரு லூரில் விலை கூடின பாகம் அநேகமாக அந்தக் கொக்கிகள்தான். நார்வேயின் மஸ்டாட், பிரான்சின் வி.எம்.சி., ஜப்பானின் ஓனர், கமகட்சு என்று கொக்கி செய்வதையே தொழிலாகக் கொண்ட பெயர்கள் உண்டு. இவர்களுடைய நல்ல மும்முள் கொக்கி இரண்டைத் தனியாக வாங்கப் போனால் சில மலிவு லூர்களின் முழு விலையே ஆகிவிடும். மலிவு லூர் மலிவாக இருப்பதன் ரகசியத்தில் பாதி இங்கே இருக்கிறது. பெயின்டில் குறை வைத்தால் கடையிலேயே தெரிந்துவிடும். கொக்கியில் குறை வைத்தால் பெரிய மீன் மாட்டி, முள் நிமிர்ந்த பிறகுதான் தெரியும்.

அடுத்தது மோல்டு. அம்பத்தூரிலோ கோவையிலோ பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஃகில் குடைந்த அச்சுக்குத்தான் பெருஞ்செலவு. அதில் ஊற்றும் பிளாஸ்டிக்குக்கு அல்ல. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கணக்கேதான்: நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் டிசைன் செலவு ஒன்றே. பேச்சுக்கு ஒரு மோல்டு பத்து லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஐயாயிரம் லூர் வார்த்தால் ஒன்றின் தலையில் 200 ரூபாய் விழும். ஐந்து லட்சம் வார்த்தால் 2 ரூபாய். பிளாஸ்டிக் அதே மூன்று ரூபாய்தான். சின்ன நிறுவனம் ஏன் அதிக விலை சொல்கிறது என்பதற்குப் பேராசை ஒன்றே காரணமாக இருக்க வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைவு என்பதே போதுமான காரணம்.

ஜப்பானின் ஹமமட்சு நகரில் 1986-ல் யூகி இட்டோ தொடங்கிய மெகாபாஸ் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ‘விஷன் 110’ என்ற லூர் 110 மில்லிமீட்டர் நீளம், அரை அவுன்ஸ் எடை. அமெரிக்கக் கடைகளில் ஏறக்குறைய 25 டாலர். நம் பணத்தில் இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல். அதே நீளம், அதே எடை, கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் லூர் கிடைக்கிறது. வேறுபாடு உள்ளே இருக்கிறது. வீசும்போது டங்ஸ்டன் குண்டுகள் வால் பக்கம் ஓடி லூரைத் தூரம் கொண்டுபோகும். தண்ணீரில் விழுந்து இழுத்ததும் முன்னே வந்து அமர்ந்து தலையைச் சரியான கோணத்தில் நிறுத்தும். இப்படி நகரும் எடையைப் பிசிறில்லாமல் வேலை செய்ய வைப்பதற்கு எத்தனை மாதிரிகள் குப்பைக்குப் போயிருக்கும் என்பது விலைச் சீட்டில் எழுதியிருக்காது. இதற்குப் பணம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் அதே நிறுவனம் சில நிறங்களை வேண்டுமென்றே குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடுகிறது. அந்த நிறத்துக்காக மறுவிற்பனையில் கூடுதல் பணம் கொடுப்பவர் எந்திர நுணுக்கத்துக்குக் கொடுக்கவில்லை. கிடைக்காது என்ற பயத்துக்குக் கொடுக்கிறார்.

கைவேலை பற்றிச் சொல்லும்போது பின்லாந்தைத் தாண்டிப் போக முடியாது. லௌரி ரபாலா 1905-ல் பிறந்தவர், பயன்னே ஏரியில் மீன்பிடித்துப் பிழைத்தவர். பெரிய மீன்கள் சிறு மீன் கூட்டத்துக்குள் பாயும்போது எல்லா மீனையும் துரத்துவதில்லை. காயம்பட்டு, சற்றே கோணலாகத் தள்ளாடி நீந்தும் ஒன்றைத்தான் குறிவைக்கின்றன என்பதைப் படகிலிருந்தே கவனித்தார். அந்தத் தள்ளாட்டத்தைச் செய்துகாட்டும் ஒரு பொய்மீன் இருந்தால் ஒவ்வொரு முறையும் உயிர் இரை தேடி அலைய வேண்டாமே? 1936-ல் செய்து முடித்தார். உடம்பு தக்கை. செதுக்கியது செருப்புத் தைப்பவரின் கத்தியால். மேலே சுற்றியது சாக்லேட் பொதிந்து வரும் மினுக்குத்தாள். வார்னிஷ் வாங்கப் பணமில்லாததால் பழைய போட்டோ நெகட்டிவை உருக்கிப் பூசினார். பொருட்செலவு என்று பார்த்தால் கிட்டத்தட்ட சுழி. உலகத்தில் அதிகம் விற்கும் லூர்களின் குடும்பம் ஒன்று இந்தச் சுழியிலிருந்து தொடங்கியிருக்கிறது.

பிற்பாடு தக்கைக்குப் பதில் பால்சா வந்தது. பால்சாவில் ஒரு சங்கடம் உண்டு. ஒரே மரத்தில் அறுத்த இரண்டு கட்டைகள்கூட ஒரே எடையில் இருக்காது. ஆகவே ஒரே அளவில் கடைந்த இரண்டு மீன்கள் ஒரே மாதிரி நீந்தாது. ஒன்று நேராக வரும், இன்னொன்று இடப்பக்கம் இழுக்கும். அதைச் சரிசெய்ய மூக்கிலுள்ள கம்பிக் கண்ணைக் குறடால் மயிரிழை அளவு வளைக்க வேண்டும். ஒவ்வொரு மீனையும் தொட்டித் தண்ணீரில் இழுத்துப் பார்த்து, கண்ணை வளைத்து, மறுபடி இழுத்துப் பார்த்துத்தான் பெட்டியில் போடுகிறோம் என்பது ரபாலா நிறுவனம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம். குறடு பிடித்த கைக்குக் கூலி உண்டு. பின்லாந்தில் அந்தக் கூலி அதிகம் என்பதால்தான் பொருத்தும் வேலையில் ஒரு பெரும்பகுதி கடலுக்கு அக்கரையில் எஸ்டோனியாவின் பார்னு நகருக்குப் போயிற்று. மரத்தின் விலை எங்கே மலிவு என்று தேடி அவர்கள் போகவில்லை.

விலையை ஏற்றும் இன்னொரு சங்கதி, பேச்சு. ரபாலாவை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர்கள் மினியாபோலிஸ் நகரத்து ரான் வெபரும் ரே ஆஸ்ட்ரமும். 1962 ஆகஸ்டில் ‘லைஃப்’ இதழ் இந்த லூரைப் பற்றிக் கட்டுரை போட்டது. அதே இதழின் அட்டையில் அப்போதுதான் இறந்திருந்த மர்லின் மன்றோ. அந்த இதழ் ஏராளமாக விற்றது. வாங்கியவர்கள் உள்ளே ரபாலாவையும் படித்தார்கள். அடுத்து 30 லட்சம் லூருக்கு ஆர்டர் வந்து குவிந்தது என்பது நிறுவனத்தின் வரலாறு. ஒரு நடிகையின் மரணத்துக்கும் தூண்டிலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் சந்தை அப்படித்தான் நகர்ந்தது.

இப்போது அந்த வேலையைச் செய்வது போட்டி மேடை. 2011 அக்டோபரில் அலபாமா மாநிலத்தின் கன்டர்ஸ்வில் ஏரியில் நடந்த போட்டியில் பால் இலையஸ் நான்கு நாளில் நூறு பவுண்டுக்கு மேல் பாஸ் என்ற நன்னீர் மீன் பிடித்து ஒரு லட்சம் டாலர் வென்றார். அவர் கையில் இருந்தது குடைக்கம்பி போல விரியும் ஐந்து கம்பிகள்; ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு ரப்பர் மீன். தண்ணீரில் இழுத்தால் சிறு மீன் கூட்டம் ஒன்று நீந்திப் போவது போல இருக்கும். ‘அலபாமா ரிக்’ என்று பெயர், உருவாக்கியவர் ஆண்டி பாஸ். போட்டிக்கு முன்பு சுமார் 25 டாலருக்குக் கிடைத்தது. முடிவு வந்த சில நாட்களில் கடைகளில் காலி. இணைய ஏலத்தில் பல மடங்கு விலை. கம்பியின் விலை அந்த வாரத்தில் ஒரு காசுகூட ஏறியிருக்காது. பிறகு ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். முக்கியமான போட்டித் தொடர் ஒன்று அடுத்த ஆண்டே அதற்குத் தடை போட்டது. கம்பிக்குடை பழையபடி சாதாரண விலைக்கு இறங்கியது.

ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே பொருள், மூன்று மடங்கு விலை என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. தென் கரோலினாவில் பிறந்த ‘சாட்டர்பெய்ட்’ ஈயத்தலை, அதன் முன்னே தடதடவென்று ஆடும் ஓர் உலோகத் தகடு, பின்னே ரப்பர் குஞ்சம் கொண்டது. 2006-ல் புளோரிடாவின் ஒகீச்சோபி ஏரியில் நடந்த ஒரு போட்டி வெற்றிக்குப் பிறகு பித்துப் பிடித்தது போல விற்றது. இன்று சாதாரண சாட்டர்பெய்ட் ஐந்தாறு டாலர். அதை விற்கும் ஸீ-மேன் நிறுவனமே ஜப்பானின் எவர்கிரீனோடு சேர்ந்து, பிரெட் ஹைட் என்ற போட்டியாளரின் யோசனைப்படி கொண்டுவந்த ‘ஜாக்ஹாமர்’ பதினாறு டாலர் சொச்சம். தலையின் எடை இன்னும் கீழே தாழ்ந்திருக்கிறது, கொக்கி கமகட்சு, குஞ்சத்தைக் கம்பியால் கையால் கட்டியிருக்கிறார்கள். பொருளில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரு டாலர் கூடியிருந்தால் அதிகம். ஆனால் சாதாரண ரகத்தில் சில உருப்படி இழுத்த உடனே ஆடும், சில சற்று வேகம் பிடித்த பிறகே ஆடும். விலை கூடியதில் எதை எடுத்தாலும் உடனே ஆடும் என்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை ஏரிக்குப் போகிறவருக்கு அந்த நிச்சயம் பத்து டாலர் பெறும். ஆண்டுக்கு இரண்டு முறை போகிறவருக்குப் பெறாது என்பதே என் தீர்ப்பு.

நிறங்களின் கதை இன்னும் வேடிக்கை. முதலீட்டாளர் சார்லி மங்கர் 1994-ல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசும்போது, ஊதாவும் பச்சையுமாகப் பளபளத்த லூர்களை விற்ற ஒருவரிடம் மீன் இதையெல்லாம் கடிக்குமா என்று கேட்டதாகச் சொன்னார். நான் மீனுக்கு விற்பதில்லையே என்றாராம் அவர். சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் இலினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாஸ் மீனின் கண்ணை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்ட கட்டுரை சிரிப்பில்லை. பாஸ் மீனின் விழித்திரையில் நிறம் காணும் கூம்புகள் இரண்டே வகை: ஒன்று பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு. சிவப்பை அது நன்றாகப் பிரித்தறிகிறது. ஆனால் எலுமிச்சை மஞ்சளுக்கும் வெள்ளைக்கும், நீலத்துக்கும் கறுப்புக்கும் அதனால் சரியாக வேறுபாடு காண முடிவதில்லை. கடையில் அந்த நான்குக்கும் நான்கு பெட்டி. சில சமயம் நான்கு விலை.

நிறம் அதிகமானால் பெயின்ட் செலவு ஏறும் என்பதல்ல இங்கே விஷயம். ஒரு மாடலுக்கு முப்பது நிறம், மூன்று அளவு என்றால் கடைக்காரர் தொண்ணூறு கொக்கியில் சரக்கு மாட்ட வேண்டும். அதில் பத்துப் பன்னிரண்டு நிறம்தான் ஓடும். மற்றவை வெயிலில் வெளுத்து, கடைசியில் பாதி விலைக்குத் தள்ளுபடிக் கூடையில் விழும். அந்த நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? ஓடுகிற நிறத்தை முழு விலை கொடுத்து வாங்குகிறவர்தான்.

மென்பிளாஸ்டிக் புழுக்களுக்கு வருவோம். இந்தத் தொழிலின் தொடக்கமும் ஓர் அடுப்படிதான். ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகரில் நிக் கிரீம் 1949-ல் வீட்டு அடுப்பிலேயே பிளாஸ்டிக்கை உருக்கி மண்புழு வார்த்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து அந்தச் சந்தையைக் கலக்கியது கேரி யமமோட்டோவின் ‘சென்கோ’. பார்த்தால் இதைவிடச் சாதாரணமான லூர் கிடையாது: கால் இல்லை, வால் இல்லை, கண் இல்லை. பால்பாயின்ட் பேனாவின் வடிவத்தில் ஒரு ரப்பர் குச்சி; உண்மையில் பேனாவைப் பார்த்துத்தான் அந்த வடிவம் வந்தது என்பார்கள். உள்ளே தாராளமாக உப்பு. உப்பு இருப்பதால் ஈயமே கட்டாமல் தானாக முங்கும். முங்கும்போது இரண்டு நுனியும் லேசாக நடுங்கும். அந்த நடுக்கத்துக்குத்தான் மீன் வாயைத் திறக்கிறது. பத்து குச்சி கொண்ட பாக்கெட் ஏழெட்டு டாலர். உருகும் பிளாஸ்டிக், எண்ணெய், உப்பு என்று பொருள் கணக்குப் போட்டால் சில சென்ட்.

உப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு குச்சி தளர்ந்துபோகும். இரண்டு மீன் கடித்தால் பிய்ந்து கையோடு வரும். நகல் போட்ட நிறுவனங்கள் குச்சியைச் சற்றுக் கெட்டியாக்கி, நீடித்து உழைக்கும் என்று விளம்பரம் செய்து, விலையையும் குறைத்துப் பார்த்தன. விற்கத்தான் செய்கின்றன. ஆனால் கெட்டியானதும் நடுக்கம் குறைந்துவிடுகிறது என்று சொல்லிப் பழைய குச்சிக்கே திரும்புகிறவர்கள் ஏராளம். இங்கே நாம் வாங்குவது ஒரு கலவை விகிதத்தை. அதைக் கண்டுபிடிக்கும் வரை வீணான குச்சிகளின் விலையும் பாக்கெட்டுக்குள் இருக்கிறது.

பொருளின் விலை லூர் விலையில் எங்குமே தலைகாட்டுவதில்லை என்று இவ்வளவு நேரம் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. டங்ஸ்டன் எடைக்குண்டு இதற்கு நேர் எதிரான வழக்கு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும்; கடற்கரை ஊர்களில் அடுப்பு மூட்டி, கரண்டியில் உருக்கி, வலைக்குண்டு வார்க்கிறவர்களை இப்போதும் பார்க்கலாம். டங்ஸ்டன் உருக 3,422 டிகிரி வேண்டும். எந்தக் கரண்டியும் தாங்காது. அதனால் அதைப் பொடியாக்கி, வேறு உலோகப் பொடி கலந்து, அச்சில் அழுத்தி, உலையில் இறுக்கி எடுக்கிறார்கள். ஈயத்தின் அடர்த்தி 11.3, டங்ஸ்டனின் அடர்த்தி 19.3. அதே எடைக்குக் குண்டு சின்னதாகிறது, கடினமாகவும் இருப்பதால் அடியில் கல்லா மண்ணா என்பது நரம்பு வழியாகக் கைக்குத் தெரிகிறது. உலகத்து டங்ஸ்டனில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவில் எடுக்கப்படுகிறது. 2025 பிப்ரவரியில் சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது தூண்டில்காரர்களும் கவலைப்பட வேண்டியிருந்தது. ஆக, எடைக்குண்டு வாங்கும்போது நீங்கள் உலோகத்துக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள். அதே கடையில் பக்கத்து வரிசையில் தொங்கும் லூருக்கு அந்த விதி பொருந்தாது.

வரியும் உண்டு. அமெரிக்காவில் 1950-ன் டிங்கெல்-ஜான்சன் சட்டப்படி, லூர் உள்ளிட்ட தூண்டில் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு, தயாரிப்பவரோ இறக்குமதி செய்பவரோ விற்பனை விலையில் 10 விழுக்காடு கட்டுகிறார். அந்தப் பணம் மாநிலங்களின் மீன்வளப் பணிக்குப் போகிறது: குஞ்சு விடுவது, ஏரிக்கரையில் படகுத்துறை கட்டுவது போன்றவற்றுக்கு. இந்த வரி பிளாஸ்டிக்கின் எடைக்கு அல்ல, விலைக்கு. பெயருக்காகவும் பேச்சுக்காகவும் விலை ஏறிய லூர் அதே விகிதத்தில் வரியையும் ஏற்றிக்கொள்கிறது. இதற்கு மேல் மொத்த வியாபாரியின் பங்கு, சில்லறைக் கடையின் பங்கு. ஒவ்வொன்றும் முந்தைய விலையின்மேல் விகிதமாக ஏறுவதால், தொழிற்சாலையில் ஒரு டாலர் கூடினால் கடையில் இரண்டுக்கு மேல் கூடும்.

பழசாகிவிட்டால் கணக்கே வேறு. ஒஹையோவின் பெயின்ஸ்வில் ஊரில் ரைலி ஹாஸ்கெல் 1859-ல் காப்புரிமை பெற்ற செம்பு மீன் ஒன்று 2003-ல் ஏலத்தில் 1,01,200 டாலருக்குப் போனது. செம்பாக எடைபோட்டால் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் காணாது. அவ்வளவு பழசாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. ஒக்லஹோமாவின் ஸ்டார்ம் நிறுவனம் செய்த ‘விகிள் வார்ட்’ என்ற பிளாஸ்டிக் லூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990-களின் இறுதியில் ரபாலா அந்த நிறுவனத்தை வாங்கி, தயாரிப்பை ஆசியாவுக்கு மாற்றியது. புதியது பழையதைப் போலத் தாறுமாறாக ஆடவில்லை என்ற பேச்சு கிளம்பியது. இன்று பழைய ஒக்லஹோமா சரக்கு என்றால் புதியதைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். காட்சிப் பெட்டியில் வைப்பதற்கல்ல, தண்ணீரில் எறிவதற்கு! நிறுவனமே பழைய வடிவத்தை மறுபடி கொண்டுவரும் அளவுக்கு அந்த முணுமுணுப்பு வலுத்தது.

நம்மூரில் இந்தப் பொழுதுபோக்கு விராலைச் சுற்றித்தான் வளர்ந்திருக்கிறது. விரால் மூச்சுவிட மேலே வரும் மீன். அல்லியும் ஆகாயத்தாமரையும் மண்டிய இடத்தில் பதுங்கும். அங்கே சாதாரணக் கொக்கி போட்டால் கொடிதான் மாட்டும். அதனால் உள்ளே காலியாக இருக்கும் ரப்பர் தவளை. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும். மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். சீனத் தவளை நூறு இருநூறுக்கும் கிடைக்கிறது. ஜப்பான் பெயர் போட்டது ஆயிரத்தைத் தாண்டுகிறது. ரப்பரில் பெரிய வித்தியாசமில்லை. வித்தியாசம் முள்ளிலும், முள் வெளிவரும் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறுகிறதா என்பதிலும் இருக்கிறது. மலிவுத் தவளை நாலைந்து வீச்சில் தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். ஒவ்வொரு முறையும் பிழிந்துவிட்டு எறிய வேண்டும். பிழியப் பொறுமை இருப்பவருக்கு அதுவே போதும். விராலுக்கு லேபிள் படிக்கத் தெரியாது.

பெரிய மீனுக்கு விலை கூடிய லூர்தான் வேண்டும் என்றும் இல்லை. பாஸ் மீனில் உலகச் சாதனை இரண்டு பேர் பெயரில் இருக்கிறது. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்தது 22 பவுண்டு 4 அவுன்ஸ். அன்று படகில் இருந்த இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு லூர்தான். மாற்றி மாற்றி வீசினார்கள். 2009 ஜூலை 2 அன்று ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா அதைச் சமன் செய்தார். விலை உயர்ந்த லூர்களுக்குப் பெயர்போன நாட்டில் அந்த மீன் கவ்வியது லூரை அல்ல, உயிருள்ள புளூகில் மீனை.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெட்டியின் படத்தையும் போட்டியில் வென்றவரின் கையெழுத்தையும் பார்ப்பதற்கு முன்பு கொக்கியின் முனையை நகத்தில் இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் மழுங்கல், பிடித்தால் கூர். வளையம் இடைவெளி இல்லாமல் மூடியிருக்கிறதா, அலகு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மலிவானதையே தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல நரம்பு ஒரு சுருள் வாங்குங்கள். மீன் அறுத்துக்கொண்டு போவது பெரும்பாலும் அங்கேதான்.